பந்து போன பிறகு

கெல்டர்பெக், யார்க்‌ஷயர்
12 நவம்பர் 1882, ஞாயிறு

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

நானும் உன் தம்பி சேத்தும் இங்கே சுகம். ஹல் துறைமுகத்துக் குளிரில் நீயும் குழந்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் வீட்டுக்காரர் நெட் கடலிலிருந்து திரும்பிவிட்டாரா?

இது யார் கையெழுத்து என்று யோசிக்காதே. என்னுடையதுதான். உன் அப்பா அமோஸ் கிரீன்வுட், அறுபத்தாறு வயதில், ஒவ்வொரு எழுத்தாக எழுதுகிறேன். சபைக் கூடத்தில் ஞாயிறு மதியம் பெரியவர்களுக்கு நடக்கும் வகுப்புக்கு ஒன்றரை வருடமாகப் போகிறேன். உனக்குத் தெரியாமல் வைத்திருந்தேன். இனி உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஏக்ராய்டு அம்மாவிடம் போக வேண்டாம். அவள் உரக்கப் படிப்பாள், தெருவே வந்து கேட்கும். உனக்குப் பல்வலி என்றால் எனக்கு முன்பே கசாப்புக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

எழுதிப் பழகுவதற்காக ஒரு நோட்டில் எங்கள் கால்பந்து கிளப்பின் கதையை எழுதிவருகிறேன். போன வருடம் செப்டம்பரில் ஆரம்பித்தது. சாயப்பட்டறை ஆட்களும் ஆலை ஆட்களுமாகப் பதினான்கு பேர். சாயப்பட்டறை நீலத் தொட்டியில் வேலை பார்க்கும் நம் சேத் அதில் முன்னணி ஆட்டக்காரன். சட்டைக்கு நாங்களே சிவப்புச் சாயம் போட்டோம். முதல் ஆட்டத்திலேயே மழை. சாயமெல்லாம் காலில் வழிந்தது. எதிர் ஊர்க்காரர்கள், "டேய், வேகவெச்ச பன்னிக்காலுங்க ஓடுது பாருங்கடா!" என்று கத்தினார்கள். அதையும் எழுதிவைத்திருக்கிறேன். ஊர் மது விடுதியில் படித்துக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். இதுவரை ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை.

நடுவருக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். ஒவ்வொரு கிளப்பும் தன் பக்கம் ஒரு நடுவரைக் கொண்டுவரும். எங்கள் பக்கம் நான். கையில் ஒரு குச்சி இருக்கும். ஆட்டக்காரர் யாராவது கை தூக்கி முறையிட்டால்தான் நான் பேச வேண்டும். யாரும் கேட்காவிட்டால், எதைப் பார்த்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சட்டம் அப்படி. கிழவனுக்கு ஏற்ற வேலை.

வரும் சனிக்கிழமை ரேவன்ஷா ஊருடன் ஆட்டம். இந்தப் பக்கத்தை எழுத ஒரு பகல் முழுவதும் ஆனது. எவ்வளவு நல்ல பகல்!

உன் நலம் வேண்டும்
அப்பா

ஹல்
16 நவம்பர் 1882

அன்புள்ள அப்பாவுக்கு,

குழந்தையும் நானும் நலம். நெட் கிறிஸ்துமஸ் வரை கடலில்தான் இருப்பார்.

உறையின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்து, யாரோ சிறு பையன் விலாசம் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். உள்ளே பிரித்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று தடவை படித்தேன். எனக்கு மட்டும் என்று நீங்கள் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான், அப்பா. இத்தனை வருடமும் ஏக்ராய்டு அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

சேத் ஆடும்போது முரடாகிவிடுவான். பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய எழுதுங்கள்.

உங்கள் அன்பு
ஹெஸ்டர்

கெல்டர்பெக்
22 நவம்பர் 1882

அன்பு மகளுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். இரண்டுக்கு ஒன்று. முதல் வெற்றி.

ரேவன்ஷாக்காரன் ஒருவனுக்கு அடிபட்டது. எட்வின் சக்டன் என்று பெயர், இருபத்து மூன்று வயது. மைதானத்தின் ஓரத்துக் கல்மதிலில் தலை மோதியது. வேலிக் கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தூக்கிப் போனார்கள். இன்னும் கண் திறக்கவில்லையாம்.

அவனை இடித்தது சேத். தோளால் இடிப்பது ஆட்டத்தில் வழக்கம்தான். நான் பதினோரு எட்டுத் தள்ளி நின்றிருந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. அந்த நேரம் எல்லோரும் கோல் பக்கம் ஓடிய பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கை தூக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மை காய்வதற்குள் அடுத்த வரி என்று, ஆட்டம் முழுவதையும் நோட்டில் எழுதிவிட்டேன். இவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை. சேத் மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

ஹல்
27 நவம்பர் 1882

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். குழந்தைக்கு லேசாகச் சளி.

உங்கள் கடிதத்தில் எத்தனை எட்டு என்பதுவரை இருக்கிறது. நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பது மட்டும் இல்லை. பந்து இல்லாதவனை இடிப்பது ஆட்டமில்லை என்பது எனக்கும் தெரியும். சேத் இடிக்கும்போது பந்து எட்வின் காலருகே இருந்ததா? அதை மட்டும் எழுதுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹெஸ்டர்

கெல்டர்பெக்
31 டிசம்பர் 1882

அன்பு மகளுக்கு,

ஐந்து வாரமாக எழுதாததற்குக் கோபப்படாதே. பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. குழந்தையின் சளி போய்விட்டதா?

எட்வின் இன்னும் படுக்கையில்தான். கண் திறக்கிறானாம், ஆனால் பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லையாம். கரண்டியால் கஞ்சி ஊற்றுகிறார்கள்.

இங்கே ஒன்று நடக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம், ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு, ரேவன்ஷா ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் நடந்து வருகிறார்கள். நான்கு மைல். ஆட்டச் சட்டையோடு வந்து எங்கள் வீட்டுக்கு எதிரே வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசுவதில்லை, கல் எறிவதில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருமுறை சன்னல் துணியை விலக்கிப் பார்த்தேன். அந்தக் காலி இடம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. சேத் சமையலறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொத்துவதற்கு அங்கே சத்தமே இல்லை, ஹெஸ்டர்.

எங்கள் கேப்டன் லூத்தர் ஷா நேற்று வந்தார்.

"அமோஸ் அண்ணே, அந்த நோட்டு எங்க?"

"இருக்கு. எதுக்கு?"

"அந்தப் பய செத்துப்போனா விசாரணை வரும். அந்த ஆட்டத்த எழுதின பக்கத்தக் கிழிச்சிரு."

"பக்கத்துல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரிய வேணாம்யா! அதான் சொல்றேன். அறுபது வருஷம் எழுத்து தெரியாம நல்லாத்தான இருந்த? இந்த ஊருலயே எழுதத் தெரியாதவன் ஒருத்தன்தான் பாக்கின்னு சந்தோஷமா இருந்தோம். அவனுக்கும் கத்துக்குடுத்துட்டாங்க."

போகும்போது கதவை அறைந்து சாத்தினார்.

நீ கேட்ட கேள்வி நினைவிருக்கிறது. புது வருடம் உங்களுக்கு நல்லதாக விடியட்டும்.

அப்பா

கெல்டர்பெக்
14 ஜனவரி 1883, ஞாயிறு

ஹெஸ்டர்,

எட்வின் புதன்கிழமை காலை இறந்துபோனான்.

செய்தி பத்து மணிக்கு வந்தது. பதினொரு மணிக்குச் சேத் வீட்டில் இல்லை. ஆணியில் கோட்டும் இல்லை. எங்கே போனான் என்று தெரியாது.

வெள்ளிக்கிழமை விடுதியின் மேல்மாடியில் சாவு விசாரணை. பன்னிரண்டு பேர் ஜூரி. அவர்களில் ஆறு பேர் ரேவன்ஷாக்காரர்கள். விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர், இருமிக்கொண்டே இருந்தார். சத்தியம் வாங்கிக்கொண்டு கேட்டார்:

"நீதான் பக்கத்துல நின்ன நடுவரா?"

"ஆமாங்கய்யா."

"சேத் கிரீன்வுட் இடிச்சப்ப பந்து எங்க இருந்துச்சு?"

"யாரும் முறையிடலைங்கய்யா."

"நான் அதக் கேக்கல."

"ஆட்டக்காரங்க யாராச்சும் கை தூக்கிக் கேட்டாத்தான் நடுவர் பேசணும். அன்னைக்கு யாரும் என்னைக் கேக்கலைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "பெரியவரே, இப்ப நான் கேக்குறேன்."

நான் கையிலிருந்த தொப்பியைத் திருப்பிக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் யாரோ, "நோட்டுல எழுதி வெச்சிருக்கான், எல்லாத்தையும் விடுதியில படிச்சுக் காட்டுவான்" என்றார்கள். அதிகாரி விசாரணையை முப்பத்தோராம் தேதிக்குத் தள்ளிவைத்தார். அன்று நோட்டோடு வர வேண்டும், வராவிட்டால் என்னையே பிடித்து அடைப்பார்களாம். சேத் கொன்றான் என்று ஜூரி சொன்னால் லீட்ஸில் பெரிய கோர்ட்டு. எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

தம்பி உன்னிடம் வந்தானா?

அப்பா

ஹல்
17 ஜனவரி 1883

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சேத் இங்கே இல்லை. இங்கே வரவே இல்லை. அவன் எங்கே என்று எனக்கு எதுவும் தெரியாது, இங்கே இல்லை என்பது மட்டும் தெரியும். யார் கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்தை எரித்துவிடுங்கள். எலி கடித்துவிட்டது என்று சொல்லுங்கள். நீங்கள் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அவன் உங்கள் மகன்.

ஹெஸ்டர்

கெல்டர்பெக்
20 ஜனவரி 1883

அன்பு மகளுக்கு,

சேத் இல்லை என்று மூன்று தடவை எழுதியிருக்கிறாய். ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

நான் கேட்க மாட்டேன். கான்ஸ்டபிள் தினமும் வருகிறார். ஏக்ராய்டு அம்மாவும் வருகிறாள்.

"ஹெஸ்டர்கிட்டருந்து காயிதம் வந்துச்சாமே?"

"வந்துச்சு."

"குடு, படிக்கிறேன். உன் கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"எனக்கே படிக்கத் தெரியும்."

"அதான் பாக்குறேனே. படிக்கத் தெரிஞ்ச நாள்லருந்து உன் மூஞ்சில ரத்தமே இல்ல."

உண்மைதான். உன் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டேன். எளிதாக எரிந்தது. பிறகு நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைப் பிடித்தேன். நான் எழுதியதிலேயே அடித்தல் திருத்தல் இல்லாத ஒரே பக்கம் அதுதான். கை வரவில்லை. எழுத்தின் மேல் ஆசையா, வேறு ஏதாவதா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்று சனிக்கிழமை. பத்துப் பேரும் வந்தார்கள். கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். சேத் இல்லை என்று தெரிந்தும் நின்றார்கள். அப்படியானால் எனக்காகத்தான் நிற்கிறார்கள்.

அப்பா

ஹல்
23 ஜனவரி 1883

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் பொய் எழுதினேன். எழுதும்போது அவன் எதிரே உட்கார்ந்து குழந்தைக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். மன்னியுங்கள்.

வரும் திங்கட்கிழமை அமெரிக்கா போகும் கப்பலில் கரி அள்ளும் வேலைக்கு நெட்டின் சிநேகிதர் ஒருவர் ஏற்பாடு செய்திருக்கிறார். வேறு பெயரில் போகிறான். நெட் சம்மதித்துவிட்டார். நான்தான் இரவும் பகலும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பூட்ஸ் சத்தம் கேட்டால் அவனை நிலக்கரி அறையில் தள்ளிப் பூட்டுகிறேன். பால்காரர் சத்தத்துக்கும்தான்.

கீழே அவன் எழுதுகிறான். என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை.

ஹெஸ்டர்

அப்பா, அன்று நடந்ததை ராத்திரியெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு தடவை பந்து என் முன்னால் இருக்கிறது. இன்னொரு தடவை இல்லை. எது நிஜம் என்று எனக்கே தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததிலிருந்து நீங்கள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டால் சொல்லுவீர்களா? கேட்கிறேன். நீங்கள் என்ன பார்த்தீர்கள்? சேத்.

கெல்டர்பெக்
25 ஜனவரி 1883

சேத்,

ஒழுங்காகச் சாப்பிடு. அக்காவுக்குத் தொல்லை தராதே.

அன்று வெயில் இல்லை. உன் அக்காவுக்கு எழுதியது பொய். மேகம் மூடியிருந்தது, நன்றாகத் தெரிந்தது.

பந்து அங்கே இல்லை. எட்வின் அதை உதைத்து அனுப்பிவிட்டான். இரண்டு எட்டுத் தள்ளிப் போய்விட்டது. உன் தலை பந்தோடு திரும்பியது, பிறகு அவன் பக்கம் திரும்பியது. அதன் பிறகுதான் இடித்தாய். மதில் இருப்பதை நீ நினைத்திருக்க மாட்டாய். ஆனால் பந்து போய்விட்டது உனக்குத் தெரியும்.

இதைத்தான் நோட்டில் எழுதியிருக்கிறேன். புதன்கிழமை இதைத்தான் படிப்பேன். நீ கப்பலில் இருந்தாலும் படிப்பேன். நீ போவதைத் தடுக்க மாட்டேன். நீ எங்கே என்று கேட்டால் வாய் திறக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அது உன்னுடையது இல்லை, என்னுடையது. அதை எழுத இன்னும் கை வரவில்லை.

கடலில் குளிர் அதிகம், கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்.

அப்பா

ஹல்
29 ஜனவரி 1883

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவன் நின்றபடியே படித்தான். என்னிடம் காட்டவில்லை. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். இன்று விடியலில் குழந்தைக்கு முத்தம் கொடுத்துவிட்டுத் துறைமுகத்துக்குப் போனான். நான் பின்னால் போகவில்லை, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயம். ஒன்பது மணிக்குக் கப்பல் ஊதியது.

தம்பி பிழைத்துவிட்டான், அப்பா. இனியாவது அந்தப் பக்கத்தை எரியுங்கள். இல்லாத ஒருவனுக்கு எதிராக எதற்குச் சாட்சி?

ஹெஸ்டர்

கெல்டர்பெக்
2 பிப்ரவரி 1883

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

சேத் கப்பல் ஏறவில்லை. வேக்ஃபீல்டு சிறையில் இருக்கிறான். நேற்று பார்த்தேன், ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தேன், முழுவதும் தின்றான். மார்ச் மாதம் லீட்ஸில் வழக்கு. விடுதலையும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்கிறார் வக்கீல். எனக்கு இன்னும் பயம்தான். கிளப்பைக் கலைத்துவிட்டார்கள். பதினேழு மாதம் நடந்த கிளப். கோல் கம்பங்களைக் கசாப்புக் கடைக்காரர் பிடுங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

மேல்மாடியில் மூச்சுவிட இடமில்லை. ரேவன்ஷா ஆட்டக்காரர்கள் பத்துப் பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். பக்கத்தில் எட்வினின் அம்மா. அதிகாரி படிக்கச் சொன்னார். விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, ஒரு சொல்லையும் விடாமல் படித்தேன். பந்து போய்விட்டது என்ற இடத்தில் லூத்தர் எழுந்து வெளியே போய்விட்டார்.

முடித்ததும் அதிகாரி கேட்டார்: "அவன் அன்னைக்கு முன்னாடியும் இப்படி இடிச்சானா?"

"இடிச்சான் ஐயா. முதல் பாதியில ரெண்டு தடவ. பந்து போனதுக்கப்புறம்தான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"யாரும் கேக்கல, அதனால பேசல. அப்படித்தான?"

ஆமாம் என்றால் போதும். சட்டம் என் பக்கம். ஆனால் எட்வினின் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்கய்யா. அவனத் தனியாக் கூப்பிட்டு, டேய் நிறுத்துடான்னு அப்பனாச் சொல்லியிருக்கலாம். அதுக்கு யாரும் கேக்க வேண்டியதில்ல. நாங்க ஒம்பது ஆட்டம் தோத்திருந்தோம். அவன் இடிக்க இடிக்க எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. இடிடா, இன்னும் இடிடான்னு மனசுக்குள்ள சொன்னேன்."

அதிகாரி என் நோட்டைச் சுட்டிக் காட்டினார்.

"இது நோட்டுல இருக்கா?"

"இல்லைங்க."

"குமாஸ்தா எழுதுவார். நீ கைநாட்டு வை."

"எனக்கு எழுதத் தெரியும் ஐயா."

உட்காரச் சொன்னார். அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை, ஹெஸ்டர். நான் கையை ஊன்றும்போதெல்லாம் ஆடியது, மைக்கூடு சரிந்து சரிந்து விளிம்புக்குப் போனது. அத்தனை பேரும் காத்திருந்தார்கள். நான் எழுதுவது எவ்வளவு மெதுவாக என்று உனக்குத் தெரியும். பேனா கீறும் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. ஒருவர்கூட இருமவில்லை, அந்த அதிகாரிகூட. நான் பார்த்தேன் என்று எழுதினேன். நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினேன். மூன்றாவது வரியில் மேசை மறுபடி ஆடியது. மைக்கூடு போய்விட்டது என்றே நினைத்தேன்.

விழவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைப் பிடித்துக்கொண்டது. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது, கான்ஸ்டபிளின் பூட்ஸ் நகர்ந்தது, "விடுங்க, அவர் முடிக்கட்டும்" என்று அதிகாரி சொன்னது கேட்டது. நான் நிமிரவில்லை. பாதியில் நிமிர்ந்தால் எனக்கு வரி கோணிவிடும். நகக்கண்ணில் ஏறிய நீலம் மட்டும் தெரிந்தது. ஒன்பது வருடச் சாயப்பட்டறை நீலம், எந்தச் சோப்புக்கும் போகாதது.

நான் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அந்தக் கை மைக்கூட்டை விடவில்லை.

உன் அப்பா
அமோஸ் கிரீன்வுட்